இரவல் இடைக்கச்சை

ஆன்லைன் துணிக்கடைகளில் 'ஒபி பெல்ட்' என்று தேடிப் பாருங்கள். அகலமான தோல் பட்டை, இரண்டு பக்கமும் நீண்ட நாடா. இடுப்பைச் சுற்றி முன்பக்கம் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஜப்பானியப் பெண்கள் கிமோனோவின் மேல் கட்டும் ஒபி வேறு சங்கதி. விசேஷங்களுக்கான ஒபி 4 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 30 சென்டிமீட்டர் அகலம். முடிச்சு முதுகுப் பக்கம். மடிப்பு விழாமலிருக்க உள்ளே ஓர் அட்டை, முடிச்சைத் தாங்க ஒரு குட்டித் தலையணை, எல்லாவற்றையும் இறுக்க மேலே ஒரு கயிறு. பழகாதவர்களுக்கு இன்னொருவரின் கை வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே பெயர். இது திருட்டா?

ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அப்படிச் சொல்ல, ஒபி என்றைக்கும் மாறாமல் வந்த ஒன்று என்று நம்ப வேண்டும். எடோ காலத்தின் தொடக்கத்தில் அது உடையைப் பிடித்துக்கொள்ளும் ஒடுங்கிய கச்சைதான். போகப்போக அகலமானது. பெண் வேடமிட்ட கபுகி நடிகர் உவெமுரா கிச்சியா கட்டிய முடிச்சைப் பார்த்து நகரத்துப் பெண்களும் கட்டினார்கள். இன்று நாம் மரபு என்று மரியாதையோடு சொல்வது, அன்றைக்கு டிரெண்ட்.

ஒபி நெசவுக்குப் பேர்போன இடம் கியோட்டோவின் நிஷிஜின். தலைநகர் டோக்கியோவுக்குப் போனதும் அங்கே தொழில் படுத்தது. 1872-இல் கியோட்டோவிலிருந்து மூன்று பேரை பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பினார்கள். துளையிட்ட அட்டைகளால் பூவேலை நெய்யும் ஜக்கார்ட் கருவி அப்படித்தான் நிஷிஜினுக்கு வந்தது. மூவரில் ஒருவரான யோஷிதா சுஷிச்சி வீடு திரும்பவில்லை. 1874-இல் வரும் வழியில் கப்பல் மூழ்கி இறந்தார். 'அசல்' ஒபிக்குள்ளும் ஒரு கடன் இருக்கிறது. அதற்கு ஓர் உயிரும் போயிருக்கிறது.

அப்போ யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கலாமா?

2019-இல் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடை பிராண்டுக்கு 'கிமோனோ' என்று பெயர் வைத்து, டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பித்தார். பெயரை மறுபரிசீலனை செய்யும்படி கியோட்டோ மேயர் கடிதம் எழுதினார். எதிர்ப்பு வலுத்ததும் பெயர் 'ஸ்கிம்ஸ்' ஆனது.

இந்த இரண்டு கடன்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லியோனுக்குப் போனவர்கள் மாணவர்களாகப் போனார்கள். கருவியோடு ஜக்கார்ட் என்ற பெயரையும் கொண்டுவந்தார்கள். ஜப்பானிய மொழியில் இன்றும் அதே பெயர்தான். கிச்சியாவின் முடிச்சும் கிச்சியாவின் பெயரோடுதான் பரவியது. ஒரு வடிவத்தை நான் எடுத்துக்கொண்டால் உங்களிடம் அது குறையாது. உங்கள் பெயரையே என் சொத்தாகப் பதிவு செய்தால் கதை வேறு. நாளைக்கு உங்கள் வேலையை நீங்கள் எந்தப் பெயரில் விற்பீர்கள்?

ஒபி பெல்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது பெயரைப் பூட்டிவைக்கவில்லை; மெல்ல மெல்ல நீர்க்கச் செய்கிறது. ஒபி என்றால் மலிவான பட்டை என்று மட்டுமே தெரிந்த ஒருவரிடம், பட்டிலும் பொன்னிழையிலும் நெய்த ஒபியின் விலையை நெசவாளி எப்படிப் புரியவைப்பார்?

பிடித்திருந்தால் அந்த பெல்ட்டை வாங்கிக் கட்டுங்கள், அதில் பாவம் எதுவும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நிஷிஜின் என்ற பெயரையும் சொல்லுங்கள். அதனால் அங்கே ஒரு நெசவாளிக்கும் ஒரு யென்கூடக் கிடைக்காது என்பது உண்மைதான். கடன் அதனால் தீராது. ஆனால் கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாதவர் அதை எப்போது அடைப்பார்?