சிதறியவர்களைப் பற்றிய பிரசங்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமையும் உருக்காலைப் புகை ஓயாத ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட சபை ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் நல்ல பேச்சாளர். யூதர்கள் மேசியாவைத் தள்ளினார்கள், ஆகவே தேவன் அவர்களைத் தள்ளினார், இரண்டாயிரம் வருடம் நாடில்லாமல் அலையவிட்டார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. முன்வரிசையில் முகாமிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது மெல்லக் கேட்டார்: "அப்ப நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள், தம்பி?"

முகாம் என்றால் கும்மிடிப்பூண்டியில் வேறு விளக்கம் தேவையில்லை. இலங்கையிலிருந்து ஓடிவந்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது. இலங்கை அதில் இல்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியதில் குறையொன்றும் இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் நானும் இதே பாடத்தைப் படித்து, ஒப்பித்து, பரிசும் வாங்கியவன்.

முதலில் கணக்கே இடிக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்த யூதர்கள் எங்கெங்கிருந்து வந்தவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் பட்டியலே போடுகிறது: பார்த்தியா, மேதியா, எகிப்து, ரோம், அரேபியா. சிலுவைக்குப் பின் ஏறக்குறைய ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. ஐம்பது நாளில் ரோமாபுரிக்குப் போய்க் குடியேறி, அந்த ஊர்ப் பாஷையைத் தாய்மொழியாக்கிக்கொண்டு யாரும் திரும்பி வந்திருக்க முடியாது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியதோ கி.மு. 3-ஆம் நூற்றாண்டில். குற்றத்துக்கு முந்நூறு ஆண்டு முன்பே தண்டனை வந்துவிட்டது என்றால், நம் ஊர்க் காவல் நிலையத்தில்கூட அது அபூர்வம். இந்த அதிகாரத்தை ஆண்டுதோறும் வாசிக்கிற சபைகளில்தான் 'தள்ளினார்கள், சிதறினார்கள்' என்ற பிரசங்கமும் நடக்கிறது.

இது இந்தத் தெருவில் முளைத்த போதனை அல்ல. 386-இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களுக்கு எதிராகத் தொடர் பிரசங்கம் செய்தார். அவருடைய ஆத்திரம், தம் சபையார் யூதப் பண்டிகைகளுக்குப் போய்க் கலந்துகொள்கிறார்கள் என்பது. அதாவது அக்கம்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அகஸ்டீன் நிதானமானவர்: அவர்களைக் கொல்ல வேண்டாம், சிதறிக் கிடக்கட்டும், நம் வேதம் மெய் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்றார். ஒரு ஜனம் முழுவதையும் தன் வழக்குக்குச் சாட்சிப் பொருளாக்கி வைப்பதைக் கருணை என்று அந்தக் காலம் நம்பியது. லூத்தர் 1543-இல் எழுதிய நூலில் அந்த நிதானமும் இல்லை. ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னார். 1706-இல் தரங்கம்பாடிக்கு சீகன்பால்க் கொண்டுவந்தது அதே லூத்தரின் சபையை. லூத்தரின் அந்த எழுத்துகளைத் தங்களால் ஏற்க முடியாது என்று உலக லூத்தரன் சபைகள் 1984-இல் புடாபெஸ்டில் சொல்லிவிட்டன. செய்தி தரங்கம்பாடிப் பிரசங்க மேடைகளுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது வேறு கதை.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர் வைத்த மகிமை மாதா கோயில் இருக்கிறது. அவர்கள் 1497-இல் தங்கள் நாட்டில் யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் பெறவைத்தவர்கள். அப்படிக் கிறிஸ்தவரான குடும்பம் ஒன்றின் பிள்ளைதான் கோவாவில் இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-இல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா. 1569-இல் கோவாவின் மத விசாரணை மன்றம் அவருடைய தங்கையைக் கொளுத்தியது. 1580-இல், செத்துப் பன்னிரண்டு ஆண்டான அவருடைய எலும்புகளையும் தோண்டியெடுத்துக் கொளுத்தியது.

அதே கோவா மன்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் பன்னிரண்டு ஆல்டர்மன்களில் மூவர் யூத வணிகர்கள். லண்டன் நகரசபையில் ஒரு யூதர் அந்தப் பதவியில் உட்கார 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத் திடீரென்று இறையியல் தெளிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். பவழமும் வைரமும் அந்த யூத வணிகர்கள் கையில் இருந்தன. சென்னையில் பவழக்காரத் தெரு இன்னும் இருக்கிறது.

இப்போதெல்லாம் நம் சபைகளில் வசை குறைந்து, அன்பு கூடியிருக்கிறது. மேடையில் இஸ்ரேல் கொடி, சுவரில் எருசலேம் படம், இஸ்ரேல் தேசம் பிறந்த 1948-இல் அத்திமரம் துளிர்த்துவிட்டது என்ற செய்தி. 1830-களில் டார்பி என்ற போதகர் வகுத்து, 1909-இல் ஸ்கோஃபீல்டின் விளக்க வேதாகமம் பரப்பிய கணக்கு இது. யூதர்கள் தேவனுடைய கடிகாரமாம். இந்தப் போதனையின் கடைசிப் பக்கத்தைப் பலர் சத்தமாக வாசிப்பதில்லை: அந்திக்கிறிஸ்துவின் காலத்தில் அந்த ஜனத்தில் மூன்றில் இரண்டு பங்கு மடியும், மீந்தவர்கள் கிறிஸ்தவர்களாவார்கள் என்கிறது. இதற்குப் பெயர் அன்பு என்றால், அகஸ்டீனுடையது அதைவிடப் பரவாயில்லை.

எருசலேம் யாத்திரைக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது. போய் வருகிறவர்கள் பெத்லகேமில் ஒலிவ மரத்தில் கடைந்த சிலுவை வாங்கி வருகிறார்கள். அந்தச் சிலுவையைக் கடைந்து விற்கிறவர் பெரும்பாலும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர். தள்ளப்பட்ட யூதர், தெரிந்துகொள்ளப்பட்ட யூதர் என்ற நம் இரண்டு பிரசங்கங்களிலும் அவருக்கு இடமில்லை. நிஜ யூதருக்கும் இல்லை. அவர் என்ன நினைக்கிறார், தன் வேதத்தை எப்படி வாசிக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. நம்மில் பெரும்பாலோர் ஒரு யூதரையும் பார்க்காமலே அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ஏட்டில், இயேசுவின் சாவுக்கு அன்றைய எல்லா யூதரையும் இன்றைய யூதரையும் பொறுப்பாக்கக் கூடாது, தேவனால் தள்ளப்பட்டவர்கள் என்று காட்டவும் கூடாது என்றது. தாமதம்தான்; ஆனாலும் சொன்னது. அதற்கு வெகுகாலம் முன்பே பவுல் ரோமர் நிருபம் பதினோராம் அதிகாரத்தில், தானும் இஸ்ரவேலன் என்று சொல்லிவிட்டு, தேவன் தம் ஜனத்தைத் தள்ளவில்லை என்கிறார். மரம் அவர்களுடையது, காட்டொலிவக் கிளையாக ஒட்டப்பட்டது நாம், வேர்தான் கிளையைச் சுமக்கிறது என்கிறார்.

பாஸ்டர் ஐயாமாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை சிதறியவர்களைப் பற்றிப் பேச எழும்பும்போது, முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.