பெருக்கி எறிந்த நாடா



காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடி ஸ்திரீ ஒருத்தி வீட்டைப் பெருக்கினாள் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அடியேனும் சென்ற மாதம் சுவாமியார் அறையைப் பெருக்கினேன்; ஒரு பெட்டி ஒலிநாடாக்களைக் குப்பையென்று எறிந்தேன்.

மறுநாள் நமது பங்கின் வயோதிக டிரைவர் ஒருவர் வந்து நின்றார். முன்னாளில் பெரம்பலூரிலிருந்து ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவிலுக்கு அம்பாசடர் காரில் சனங்களைக் கொண்டுபோனவர். வழியெல்லாம் நம் பாடற்குழுவின் நாடா ஓடுமாம். சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றுவாராம். அதில் பாடின ஒரு குரல் காலஞ்சென்ற அவர் மனைவியுடையது. அவரிடமிருந்த நாடா தேய்ந்து அறுந்துபோயிற்று. மூலநாடாவைத் தேடி வந்திருந்தார்.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்டது இந்தக் காசெட். பின்பு குறுந்தட்டு, பென் டிரைவ். இப்போது காரில் கைப்பேசியே பாடுகிறது. போட்டுக் கேட்கக் கருவி இல்லாததால் நாடாவும் செத்ததென்று எண்ணிவிட்டேன். அதில் பூசிய இரும்புத் துகளிலே குரல் இருந்ததே!

“போகட்டும் சாமி” என்றார். அதற்குமேல் நிற்கவில்லை.

அந்த நாடா யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், ஓட்டிப் பாராமல், பூசை முடிந்ததும் என்னிடம் கொண்டுவாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் எறியவேண்டாம்.