வேலையிழந்தோர் உதவித்தொகை – எதுவரை ஹலால்?

ஹலாலான சம்பாத்தியத்தின் சிறப்பைப் பற்றி நமது ஏடுகளில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அளவில் மோசடி செய்யாதே, வட்டியை நெருங்காதே, கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்றெல்லாம் நாம் அறிவுரை கூறி வருகிறோம். ஆனால் உழைக்க விரும்புகிற ஒருவனிடமிருந்து அந்த உழைப்பே பறிக்கப்பட்டுவிட்டால், அவன் வீட்டு அடுப்பு எதைக் கொண்டு எரிய வேண்டும்? அவனுக்கென்று சட்டம் வகுத்திருக்கும் உதவித்தொகையை அவன் கேட்டுப் பெறலாமா? பெறலாமென்றால் எதுவரை பெறலாம்? இந்தக் கேள்வி இப்போது நம் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைப் பகுதியை அறியாதவர்கள் இன்று குறைவு. விடியற்காலையில் வேன்களும் பேருந்துகளும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. கைபேசி, கார், லாரி, டயர், கண்ணாடி என்று அங்கே செய்யப்படாத பொருளில்லை. அந்த வாழ்க்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2006-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அது உற்பத்தியை நிறுத்தியது. அதற்குப் பாகங்கள் செய்து கொடுத்த பாக்ஸ்கான் ஆலையும் அதே ஆண்டு டிசம்பரில் வேலையை நிறுத்தியது. 2022-இல் மறைமலை நகர் போர்டு கார் ஆலை தன் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. கதவு மூடப்பட்டது போலவே திறக்கப்படுவதும் உண்டு. நோக்கியாவின் கட்டடத்தை 2019-இல் சால்காம்ப் நிறுவனம் வாங்கி மறு ஆண்டே உற்பத்தியைத் தொடங்கியது. பாக்ஸ்கான் இன்று சுங்குவார்சத்திரத்தில் மீண்டும் ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஒரு கதவு மூடி மறு கதவு திறப்பதற்குள் இருக்கும் மாதங்கள் இருக்கின்றனவே, அவைதாம் ஈமானைச் சோதிக்கும் மாதங்கள்.

அந்த மாதங்களுக்காக ஏற்பட்டதுதான் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் உதவித்தொகை. இதில் இரண்டு திட்டங்கள் வந்தன. 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பினாலோ வேலையிழந்தவர்களுக்கு உரியது. ஆறு மாதமாகத் தொடங்கிப் பின்னர் இரண்டாண்டு வரை கூட்டப்பட்டது: முதலாண்டு கூலியில் பாதி, மறு ஆண்டு கால் பங்கு, குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா வாழ்நாளில் ஒரே முறை, அதுவும் 90 நாட்களுக்கு மட்டும், சராசரித் தினக்கூலியில் கால் பங்கு தருவதாக இருந்தது. கொரோனாக் காலத்தில், 2020-இல், கால் பங்கு பாதியாக்கப்பட்டது. வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டுமென்பது 30 நாளாயிற்று. முதலாளி வழியாகத்தான் மனு வரவேண்டும் என்பதும் தளர்த்தப்பட்டது. தொழிலாளி தாமே கணினி வழியாக மனுச் செய்து, ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களோடு கிளை அலுவலகத்தை அணுகலாம் என்றாயிற்று. இந்தத் தளர்வு அதன்பின் பலமுறை நீட்டிக்கப்பட்டது. தமக்கு வேலை போன தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

தொகை எவ்வளவு தேறும்? தினக்கூலி சராசரி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாதி வீதம் 90 நாளைக்கு 27,000 ரூபாய். கால் பங்கானால் 13,500. ஒரகடத்தில் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதைப் பெறுவதில் நம்மவர்கள் இரண்டு விதமாக இருக்கிறார்கள். ஒரு சாரார், "நாம் என்ன பிச்சைக்காரர்களா? மனு எழுதிக்கொண்டு அலுவலக வாசலில் நிற்பதா? அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கியவர் அடுத்த வாரமே வட்டிக்காரரிடம் நகையைக் கொண்டு போய் வைக்கிறார் என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

அன்ஸாரி ஒருவர் உதவி கேட்டு வந்த வரலாற்றை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அவரிடம் விசாரித்தது, அவருடைய வீட்டில் ஏதேனும் இருக்கிறதா என்பதைத்தான். ஒரு துணியும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றையே ஏலம் விட்டு, வந்த இரண்டு திர்ஹத்தில் ஒன்றுக்கு வீட்டுக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்து விறகு வெட்ட அனுப்பினார்கள். கேட்காதே என்பதற்கு ஆதாரமாக மட்டுமே இதை நம் மேடைகளில் சொல்கிறோம். முதலில் உன் வீட்டில் உனக்குரியது எது என்று பார் என்பதும் அதில் இருக்கிறதல்லவா? மாதம் 18,000 ரூபாய் வாங்கும் தொழிலாளியிடம் 2019 ஜூலையிலிருந்து உள்ள வீதப்படி 135 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கப்படுகிறது; அவருக்காக முதலாளி 585 ரூபாய் கட்டுகிறார். அப்படிச் சேர்ந்த நிதியிலிருந்து வருவது எவருடைய தருமமும் அன்று. அது அவர் வீட்டிலிருந்த துணியும் பாத்திரமும்தான்.

இன்ஷூரன்ஸ் என்ற பெயரே சிலருக்குச் சந்தேகத்தை உண்டாக்குகிறது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வியாபார இன்ஷூரன்ஸை ஆகாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையிலானதை ஆகுமென்றும் முடிவு செய்தது. இ.எஸ்.ஐ. லாபத்துக்கு நடக்கும் கம்பெனி அன்று. சட்டப்படி கட்டாயமாகப் பிடிக்கப்படும் பணம். ஆகவே இதைப் பெறுவதில் தயங்க வேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

மற்றொரு சாராரைப் பற்றித்தான் நாம் சற்று நின்று பேச வேண்டும். "நம் பணந்தானே, வருகிறவரை வாங்கிக்கொள்" என்பது இவர்கள் வாதம். வேலை கிடைத்த பிறகும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுப்பதில் இவர்களுக்குக் கூச்சமில்லை. முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ள கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸை இங்கே நினைவூட்டுகிறோம். பிறருக்காகப் பொறுப்பேற்ற ஒரு சுமையைத் தீர்க்க உதவி கேட்டு அவர் வந்தார். மூன்று பேருக்கு மட்டுமே கேட்பது ஆகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்கு எடுத்துரைத்தார்கள். பிறர் சுமையை ஏற்றவர் ஒருவர். ஆபத்து வந்து பொருளெல்லாம் அழிந்தவர் ஒருவர். வறுமை பீடித்தவர் ஒருவர். இந்த மூன்றாமவருக்கு, அவருடைய கூட்டத்திலேயே விவேகமுள்ள மூவர் சாட்சி சொல்ல வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. சுமை தீரும்வரை, பிழைப்புக்கு வழி கிடைக்கும்வரை. பிறகு நிறுத்திவிட வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் உண்பது ஹராம்.

ஆபத்து வந்து பொருளழிந்தவர் என்பதில் ஆலை மூடி வேலையிழந்தவரைச் சேர்க்கத் தடையென்ன? அவருக்கு உரிமை இருக்கிறது. உரிமைக்கு ஒரு முடிவு நாளும் இருக்கிறது. நம்முடைய கருத்தில், மனுப் போடும் நாளைவிட வேலைக்குத் திரும்பும் நாளில்தான் ஒருவருடைய நாணயம் வெளிப்படுகிறது. மனுப் போடும்போது கஷ்டம் எல்லாருக்கும் தெரிகிறது; சாட்சிக்கு மூவர் என்ன, முப்பது பேர் கிடைப்பார்கள். வேலை கிடைத்துவிட்டது என்பதற்கு மட்டும் அவரைத் தவிரச் சாட்சியில்லை.

இன்னொரு கம்பெனியில் சேர்ந்தால், புதிய சந்தா கட்டப்படும்போது கணினியே காட்டிக் கொடுத்துவிடும். அது பெரிய சோதனையன்று. ஆனால் இரவில் வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர், வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிறவர், மச்சானுடைய பிரியாணிக் கடையில் கல்லாவில் உட்காருகிறவர், இவர்களை எந்தக் கணினி அறியும்? இதெல்லாம் வேலையா, வேலை கிடைக்கும்வரை கையூன்றி நிற்பதா என்று கேட்டால், ஒரே விடை சொல்ல நம்மால் ஆகாது. வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் சில்லறைக் கூலி வேறு, நிலையான வருமானம் வேறு. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: உள்ளதை உள்ளபடி கிளை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அவர்கள் கொடுத்தால் அது ஹலால். நிறுத்தினால் அதுவே எல்லை. மறைத்து வாங்கிய பணத்துக்கு மட்டும் சமாதானம் கிடையாது. அந்த நிதியிலிருந்துதான் இன்னொரு தொழிலாளியின் பிள்ளைக்கு ஊசியும், பிரசவித்தவளுக்குக் கூலியும் போகின்றன. அது அமானிதம்.

இதைவிடச் சிக்கலான ஓரிடம் இருக்கிறது. நோக்கியா ஆலையில் 2014-இல் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்திட்டு ஒரு தொகை பெற்று வெளியேறினார்கள். ஆலை மூடப்பட்டபோது எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 850 பேர்தாம். விருப்ப ஓய்வு பெற்றவருக்கு இந்த இரண்டு உதவித் திட்டங்களிலும் இடமில்லை. தாமாக வேலையை விட்டவர் என்று சட்டம் அவரைக் கருதுகிறது. ஆலை மூடப்போகிறது என்று தெரிந்து போட்ட கையெழுத்து விருப்பத்தால் போட்டதா? நிர்ப்பந்தத்தால் செய்ததை மார்க்கம் வேறாகத்தான் பார்க்கிறது. இக்ராஹ் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. அந்தத் தொழிலாளியின் மனக்குறையில் நியாயமிருக்கிறது என்றே நாமும் எண்ணுகிறோம். ஆயினும் அதற்காக மனுவில் "ஆட்குறைப்பு" என்று பொய் எழுத அனுமதி வந்துவிடாது. தொழிற்சங்கம் இருக்கிறது, தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. வழக்கை அங்கே கொண்டு போக வேண்டும். இனிமேல் கையெழுத்துக் கேட்கப்படும் பிள்ளைகள், அந்தத் தாள் எந்தெந்த உரிமையை எடுத்துவிடும் என்று விசாரித்த பின்பே பேனாவைத் தொட வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றித்தான் திருமறையின் மிக நீண்ட வசனம் பேசுகிறது. எழுத்தின் கனத்தை அறியாத சமுதாயமல்ல நாம்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்வோரின் நிலை இன்னும் மோசம். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புது இ.எஸ்.ஐ. எண் போடப்பட்டு, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்கள் இருந்துவிடுகின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு மாதத் தவணைகளில் 78 நாள் சந்தா இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எண் சிதறினால் நாளும் சிதறிவிடுகிறது. வேலையில் இருக்கும்போதே தன் எண் ஒன்றுதானா, சந்தா ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற ஒப்பந்தக்காரர் முஸ்லிமாக இருந்தால், அவர் எந்த ஸஃப்பில் நின்று தொழுதாலும் அந்தக் கடன் அவர் கழுத்தில்தான் கிடக்கிறது.

துபாயில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு மாதம் சந்தா கட்டியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது வீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். வேலை போன 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமாக ராஜினாமா செய்தவருக்கு அங்கும் இல்லை. வேறு வேலை கிடைத்தால் அங்கும் நின்றுவிடும்.

இனி ஜமாஅத்துகளின் கடமை. உமர் (ரலி) அவர்கள் கையேந்தி நின்ற ஒரு முதிய யூதரைக் கண்டு பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவி விதித்ததை இமாம் அபூயூஸுஃப் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நமது மஹல்லாக்களில் ரமளானில் ஜகாத் பிரிக்கும்போது விதவைகளும் முதியோரும் நினைவுக்கு வருகிறார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஜமாஅத்துக்கு வரும் வேலையிழந்த வாலிபர் வருவதில்லை. அவருக்கு முதல் ஒரு மாதம் அரசாங்கத்திலிருந்து ஒன்றும் கிடையாது. மனு தேறிப் பணம் வர இன்னும் நாளாகும். அந்த இடைவெளியைப் பைத்துல்மாலிலிருந்து கடனாகவாவது நிரப்பலாம். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், மனு எழுதத் தெரிந்த ஒருவரைப் பள்ளியில் உட்கார வைக்கலாம். விவேகமுள்ள மூவர் என்று ஹதீஸில் வருகிறதே, அந்த மூவரும் அந்த மஹல்லாவிலேயே இருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் சில நாளுக்கான தொகை கணக்கில் வந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு, அதிகமாக வந்த நாட்களை எண்ணி, கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வழி சொல்லும்வரை அந்தத் தொகையைச் செலவிடாமல் தனியே ஒதுக்கி வையுங்கள். அது யாருடையது என்பதை வீட்டில் மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.