வழிப்போக்கர் தந்த பெருநிதி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் தன் கிருபையைச் சொரிவதற்கு நாழிகை பார்ப்பதில்லை. ஆராதனம் முறைப்படி நடந்துகொண்டிருக்கையில், எவரும் எதிர்பாராத ஒரு வேளையில், எவரும் அறியாத ஒருவர் வாயிலாக அவன் அருள்வதுண்டு. ஸ்ரீவைஷ்ணவர்கள் போற்றும் நாலாயிர திவ்யப் பிரபந்தமே அவ்வாறு மீண்டும் கிடைத்த நிதி என்று குருபரம்பரை கூறுகிறது.

கடலூர் மாவட்டத்தில், வீராணம் ஏரியை அடுத்துள்ளது காட்டுமன்னார்கோயில். வீரநாராயணபுரம் என்பது அதன் பழம்பெயர். அங்கு மன்னனார் ஸந்நிதியில் கைங்கரியம் செய்து வாழ்ந்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். யோகத்தில் தேர்ந்தவர், இசையில் வல்லவர், ஆளவந்தாரின் பாட்டனார்.

ஒருநாள் வெளியூர் ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் அந்த ஸந்நிதிக்கு வந்தனர். பெருமாளைச் சேவித்து, திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான பத்துப் பாசுரங்களைப் பாடினர். அவ்வூராருக்கு அவர்கள் புதியவர்கள். அவர்கள் பாடியதும் புதியது. பாடப்பட்டதோ வேறொரு திவ்யதேசத்துப் பெருமாள். ஆயினும், "இவ்விடத்து வழக்கம் இதுவன்று" என்று அவர்களைத் தடுத்தார் எவருமில்லை. பத்தும் முடியும்வரை அந்த ஸந்நிதி செவிசாய்த்து நின்றது.

இறுதிப் பாசுரத்தில், ஆயிரத்துள் இவை பத்து என்ற குறிப்பு வந்தது. நாதமுனிகள் திடுக்கிட்டார். "ஆயிரம் என்றால் மற்றவை எங்கே?" என்று வினவினார். இந்தப் பத்துக்கு மேல் தாங்கள் அறியோம் என்று வந்தவர்கள் உண்மையைச் சொன்னார்கள். அவர்களுக்குப் பிரசாதம் அளித்து உபசரித்து அனுப்பினார். பின்னர் ஆழ்வார் அவதரித்த திருக்குருகூருக்கு எழுந்தருளினார். அங்கும் ஆயிரம் பாசுரங்களை அறிந்தார் இல்லை. மதுரகவியாழ்வாரின் சிஷ்ய வழியில் வந்த பராங்குச தாஸர், கண்ணிநுண்சிறுத்தாம்பின் பதினொரு பாசுரங்களை உபதேசித்தார். திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து அதனைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தார் நாதமுனிகள். நம்மாழ்வார் பிரத்யக்ஷமாகி, திருவாய்மொழியுடன் ஏனைய பிரபந்தங்களையும் அருளினார் என்பது ஸம்பிரதாயம். ஊர் திரும்பிய நாதமுனிகள் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரையும் கொண்டு அவற்றை இசையுடன் பரவச் செய்தார்.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆயிரத்தை மீட்டவர் மஹாஞானி; ஆனால் அதன் முனையை அவர் கையில் கொடுத்தவர்கள் பெயர்கூட எஞ்சாத வழிப்போக்கர்கள். அன்று ஸந்நிதி வாசலில் அவர்களை ஒதுக்கியிருந்தால், அல்லது இவர்களிடம் கேட்பதா என்று நாதமுனிகள் வாளா இருந்திருந்தால், உடையவர் போற்றி வளர்த்த தமிழ் வேதம் எங்கே? நம்பிள்ளையின் ஈடு எங்கே? திருவரங்கத்தில் அரையர் ஸேவை எங்கே? அதிதியை வரவேற்றது வெறும் உபசாரமன்று. அதுவே ஒரு ஸம்பிரதாயத்தைக் காத்த காரியம்.

வந்தவர்களிடமும் கற்கவேண்டியது உண்டு. பத்துத்தானே தெரியும் என்று அவர்கள் வெட்கி வாய்மூடவில்லை. எல்லாம் அறிந்தவர்போல் பேசவுமில்லை. உள்ளதைப் பெருமாள் திருமுன்பு வைத்தார்கள். இல்லாததை இல்லை என்றார்கள்.

உத்ஸவ காலத்தில் இது நெஞ்சில் நிற்கவேண்டும். ஆலங்குடியிலிருந்து, திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திருமெய்யத்தைச் சேவிக்கச் செல்லும் குடும்பம் அங்குள்ள கோஷ்டிக்குப் புதியதே. அயலூரிலிருந்து ஆலங்குடிக்கு வரும் அடியாரும் அப்படியே. கோஷ்டியின் கடைசியில், சேர்ந்து சொல்லலாமா என்று தயங்கி நிற்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கு ஒரு பாசுரமே தெரிந்திருக்கலாம். சந்தையில் அமர்ந்து முறையாகக் கற்காதவராகவும் இருக்கலாம். தீர்த்தமும் சடாரியும் அவருக்குக் கிடைத்துவிடும். அதனினும் அரியது, சற்றே விலகி இடம் தந்து, "வாருங்கள், சேர்ந்து ஸேவியுங்கள்" என்னும் சொல்.

எந்த வாயிலிருந்து எந்தப் பத்து வரும் என்பதை மன்னனார் ஒருவனே அறிவான். அதைக் கேட்கச் செவி திறந்திருப்பதே அடியார் திரளுக்கு அழகு.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.