இரவல் பெயர்

வியாபாரத்தில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்து உதவக்கூடியவை பல உண்டு. கைமாற்றாகப் பணம் கொடுக்கலாம். சரக்கைக் கடனுக்கு அனுப்பலாம். புதிதாய் வந்த தம்பிக்குக் கடையின் மூலையில் ஒரு மேஜை போட்டுக் கொடுக்கலாம். இவையெல்லாம் நம் சமூகத்தில் தொன்றுதொட்டு நடந்து வருபவையே. ஆனால் தன் பெயரையே இன்னொருவருக்கு இரவலாகக் கொடுக்கலாமா என்னும் கேள்வி இக்காலத்தில் நம் வர்த்தகர்களிடையே அடிக்கடி எழுகின்றது. அதைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமெனக் கருதுகிறோம்.

விஷயம் இதுதான். ஊரிலுள்ள மச்சானோ, சாச்சா மகனோ இணையத்தின் வழியே அத்தரும் கைத்தறித் துணியும் விற்கிறார். வாங்குவோர் லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்கள் அட்டை மூலம் பணம் செலுத்த வேண்டுமானால், ஸ்ட்ரைப், பேபால் போன்ற பணம் வசூலித்துத் தரும் ஸ்தாபனம் ஒன்றில் வியாபாரக் கணக்கு வேண்டும். இந்தியாவில் பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. ஸ்ட்ரைப், அந்நாட்டில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே தருவதென 2024-இல் அறிவித்தது. சிங்கப்பூரில் கம்பெனி இருந்தால் காரியம் எளிதில் முடியும் என்று யாரோ சொல்லிவிட, அவர் நமக்குப் போன் செய்கிறார். “உன் பெயரைத்தானே மச்சான் கேட்கிறேன், பணமா கேட்கிறேன்?” என்கிறார். இரத்த பந்தம், மறுக்க மனம் வருவதில்லை.

அவர் கேட்பது இரண்டு விதமாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் தொல்லையே வருகின்றது.

சிங்கப்பூர்க் கம்பெனிச் சட்டப்படி, கம்பெனியின் பங்குகள் முழுவதையும் வெளிநாட்டார் ஒருவரே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இயக்குநர்களில் ஒருவராவது இந்நாட்டில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் தன் நாட்டில் வசிக்கும் இயக்குநர் ஒருவரைக் கேட்கிறது. ஆகவே, “கம்பெனி என்னுடையது; நீ உள்ளூர் இயக்குநராக இரு; என் சார்பில் இருக்கிறாய் என்பதையும் பதிவேட்டில் எழுதிவிடுவோம்” என்று மச்சான் கேட்டால் அது ஒரு விதம். இதில் ஒளிவுமறைவு இல்லை. “உரிமையாளர் என்ற இடத்திலும் உன் பெயரையே போட்டுவிடு, அப்போதுதான் கேள்வி குறையும்” என்பது மற்றொரு விதம். நாம் பேச வந்தது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

பணம் வசூலிக்கும் ஸ்தாபனங்கள் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கின்றன? கம்பெனியின் பதிவு எண், விற்கும் சரக்கு, இயக்குநரின் கடவுச்சீட்டு, 25 சதவீதத்துக்கு மேல் பங்குடையோர் விவரம், பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை என்று படிவம் நீள்கிறது. இது வெறும் சர்க்கார் கெடுபிடி என்றே நம்மவர் பலர் நினைக்கிறார்கள். சட்டமும் ஒரு காரணந்தான். ஆனால் அடிப்படையில் இருப்பது கடன் கொடுப்பவனின் பயம். சரக்கு வரவில்லை என்றோ, வந்தது வேறு என்றோ அட்டைக்காரர் பாங்கியிடம் முறையிடப் பொதுவாக 120 நாட்கள்வரை அவகாசம் உண்டு. பேபாலில் வாங்குபவருக்கு 180 நாட்கள். வியாபாரிக்கோ சில நாட்களிலேயே பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இடையில் வியாபாரி கடையைக் கட்டிவிட்டால் இழப்பை அந்த ஸ்தாபனமே தாங்க வேண்டும். ஆகவே அது உண்மையில் அவருக்காக ஜாமீன் நிற்கிறது. முன்னாளில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் ஒருவர் கடன் கேட்டால், ‘யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எந்தக் கடை’ என்று விசாரிப்பார்களே, அதே விசாரணைதான் இது. முகத்தைப் பார்க்க வழியில்லாததால் காகிதத்தைப் பார்க்கிறார்கள்.

(அவர்கள் பிடித்துக்கொள்ளும் கட்டணம் வட்டியா என்று சிலர் கேட்கிறார்கள். அது தரகு போன்ற கூலி என்பதே நம் கருத்து. ஐயமுள்ளோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.)

இனி மார்க்கத்தின்படி பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டுப் பார்த்து, ஈரம் அடியில் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா எனக் கேட்ட செய்தியை நாம் அனைவரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அந்த வியாபாரி அளவைக் குறைக்கவில்லை, விலையைக் கூட்டவில்லை. வாங்குபவன் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றை அவன் பார்வைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தான், அவ்வளவே. உரிமையாளர் யாரென்பது ஜாமீன் நிற்பவர் அறியவேண்டிய முதல் விஷயம். அதை மறைப்பது ஈரத்தை அடியில் வைப்பதற்கு எவ்வகையில் வேறு?

மற்றவர் சார்பில் வியாபாரம் செய்வதே கூடாதா என்றால், அப்படியன்று. நாயகம் அவர்களே கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுசென்று விற்றுவந்தார்கள். கதீஜா அம்மையாரின் பணியாளர் மைஸராவும் உடன் சென்றார் என வரலாறு கூறுகிறது. சரக்கு யாருடையது, லாபம் யாருக்கு என்பது வெளிப்படை. பிரதிநிதியாக இருப்பது வேறு. பினாமியாக இருப்பது வேறு. மலேசியாவில் ‘அலி-பாபா’ வியாபாரம் என்றால் என்னவென்று அங்குள்ள சகோதரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை!

இதற்கு வலுவான ஆட்சேபணை ஒன்று உண்டு. “என் மச்சான் நேர்மையானவர். ஒரு வெள்ளிகூட ஏமாற்றியதில்லை. அவர் செய்த குற்றமெல்லாம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பதுதான். கதவை அநியாயமாகச் சாத்தினால் சன்னல் வழியே நுழைவதில் என்ன பாவம்?” என்பார்கள். இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட விரும்பவில்லை. யாரோ சில மோசடிக்காரர்கள் செய்ததற்கு ஊரில் உழைத்துப் பிழைக்கும் ஒருவர் தண்டம் கட்டுகிறார் என்பது மெய்யே. எனினும், அந்தக் கஷ்டத்தை நாம் தீர்க்கவில்லை, இடம் மாற்றுகிறோம். ஸ்தாபனத்தின் மேல் அதற்குத் தெரியாமல் ஏற்றுகிறோம். மச்சானையும் அவருடைய நாட்டுச் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்துகிறோம். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பெனியில் முதலிடுவதற்கு 2022-இல் வந்த விதிகள் உள்ளன. பாங்கியின் மூலம் அறிவித்துச் செய்தால் தடையில்லை. நம் பெயருக்குப் பின்னால் மறைந்தபின் அந்த நேர்வழியில் அவர் போக முடியாது.

இதைவிடப் பெரியது ஒன்றைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. அது மௌத்து. காகிதத்தில் பங்குகள் நம் பெயரில் இருக்க நாம் கண்மூடினால், அவை யாருடையவை? சிங்கப்பூரில் முஸ்லிம் ஒருவரின் சொத்து 1966-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி, ஷரீஅத் நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழைக்கொண்டு மனைவிக்கும் மக்களுக்கும் பாகமாகிறது. விதவையோ விஷயம் அறியாதவள். ஊரிலிருந்து மச்சான், “அது என் பணம்” என்கிறார். சாட்சி இல்லை, எழுத்து இல்லை. இருந்த எழுத்தெல்லாம் நாமே கையெழுத்திட்ட பொய். அவர் பேச்சை நம்பினால் யத்தீம்களின் பாகம் போய்விடுமோ என்ற பயம். நம்பாவிட்டால் அமானிதத்தை அபகரித்த பழி. இரு குடும்பங்களும் பேச்சுவார்த்தையற்றுப் போவதற்கு இது போதாதா? ஜகாத்தும் அப்படியே. அவர், பணம் உன் பெயரில் இருக்கிறது என்பார். நாம், பணம் உன்னுடையது என்போம். ஏழையின் பங்கு நடுவில் நிற்கும். கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

உலகச் சட்டத்தின் கடுமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டாருக்காக உள்ளூர் இயக்குநராய் இருந்த சிங்கப்பூர்க் கணக்காளர் ஒருவர், கம்பெனிக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போனதைக் கவனியாமல் விட்டதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். 2017-இல் உயர் நீதிமன்றம்வரை சென்ற வழக்கு அது. 2023 ஆகஸ்டில் வெளிப்பட்ட 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட கள்ளப்பண வழக்குக்குப்பின் கண்காணிப்பு மேலும் இறுகியது. பிறர் சார்பில் இருக்கும் இயக்குநர்களின் விவரத்தைக் கம்பெனிப் பதிவகத்துக்கு அறிவிக்கும் கட்டாயம் 2025-இல் வந்தது. வேண்டாமென்று விலகவும் முடியாது. இங்கு வசிக்கும் இயக்குநர் நாம் ஒருவரே என்றால், வேறொருவர் வரும்வரை ராஜினாமா செல்லாது.

அப்படியானால் மச்சானுக்கு என்ன பதில் சொல்வது? அவர் தம் பெயரிலேயே முழு உரிமையாளராகக் கம்பெனி பதியட்டும். உள்ளூர் இயக்குநர் பணியைப் பதிவுபெற்ற முகவர்கள் ஆண்டுக் கட்டணத்துக்கு ஏற்பாடு செய்து தருகிறார்கள். அக்கட்டணத்தில் ஒரு பங்கை நாம் கொடுத்தால் அதுவும் உறவுக்குச் செய்யும் உதவியே. நாமே இயக்குநராக இருந்தால், சார்பாளர் என்று பதிந்துகொண்டு, மாதந்தோறும் கணக்கைப் பார்க்கும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் வெளிநாட்டார் தம் பெயரிலேயே கம்பெனி தொடங்கலாம். ஸ்ட்ரைப்பே 2016 முதல் அதற்கென அட்லஸ் என்னும் சேவையை நடத்துகிறது. ஆனால் அங்கே வெளிநாட்டாருக்கு உரிய 5472-ஆம் எண் வரிப் படிவத்தை அனுப்பத் தவறினால் அபராதம் 25,000 டாலரிலிருந்து தொடங்கும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

ஏற்கெனவே உரிமையாளர் என்று கையெழுத்திட்டுவிட்டவர்கள், முதலில் பங்குகளை உண்மையான உரிமையாளர் பெயருக்கு முகவர் மூலம் மாற்றி, கம்பெனியின் கட்டுப்பாட்டாளர் பதிவேட்டைத் திருத்திவிட்டு, பிறகு பணம் வசூலிக்கும் ஸ்தாபனத்துக்கும் அறிவிக்கலாம். புதிய கடவுச்சீட்டைச் சரிபார்த்து முடிக்கும்வரை அவர்கள் பட்டுவாடாவை நிறுத்திவைக்கக்கூடும். ஆகையால் நோன்புப் பெருநாள் விற்பனை தொடங்குமுன், ரஜப் மாதத்திலேயே இதைச் செய்துகொள்வது உசிதம்.