ஈறும் இதயமும்: நோயுற்றவர் குற்றவாளியா?

'பல் போனால் சொல் போகும்' என்பது நம் முன்னோர் வாக்கு. போவது சொல் மட்டுந்தானா என்ற ஐயத்தை இன்றைய மருத்துவ அறிவியல் எழுப்பியுள்ளது. இதய நோய்க்கு மருத்துவம் தேடி இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வேலூருக்கு வருகின்றனர். திறந்த இதய அறுவைச் சிகிச்சை இந்நாட்டில் அரும்பிய காலத்திலேயே, 1961-இல், அதனைச் செய்து காட்டியது இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆயினும், பல் துலக்கும்போது ஈற்றில் இரத்தம் கசிந்தால் அதனை நோயென்று எண்ணுவோர் நம்மில் சிலரே. வலித்தால் கிராம்பு, வலி பொறுக்கவில்லையெனில் பல்லைப் பிடுங்குதல். நம் பல் மருத்துவம் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

ஈற்றுக்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு? பல்லின் அடியில் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகும்போது உடல் அவற்றை எதிர்த்துப் போராடுகிறது. ஈறு சிவந்து வீங்குவது அப்போராட்டத்தின் அடையாளம். இதனையே அழற்சி என்கிறோம். அழற்சி உடலின் காவலன். ஆனால் ஓயாத அழற்சி, காக்க வந்த வீட்டையே அரித்துவிடும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் ஈறு நோயில் கிருமிகளும் அழற்சிப் பொருள்களும் இரத்தத்தில் கலக்கின்றன. வயிற்றில் சேரும் மிகைக் கொழுப்பும் வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அதுவும் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு அழற்சியால் நைந்து வெடித்து, அங்கே இரத்தம் உறைந்தால் மாரடைப்பு நேர்கிறது. முன்பே மாரடைப்பு கண்டவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், இரத்தக் கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த ஒரு மருந்து, மறுமுறை மாரடைப்பு வருவதை ஓரளவு குறைத்தது.

எனினும் உண்மையை மிகைப்படுத்தலாகாது. ஈறு நோயும் இதய நோயும் தொடர்புடையவையே. ஆனால் முன்னது பின்னதற்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று அமெரிக்க இதயக் கழகம் 2012-இல் அறிவித்தது. புகையிலையும் நீரிழிவும் ஈற்றைக் கெடுக்கின்றன, இதயத்தையும் கெடுக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல நோய்களுக்குப் பல்லே மூலம் எனக் கருதிய மேலை நாட்டு மருத்துவர்கள், நல்ல பற்களையும் பிடுங்கித் தள்ளினர். அந்த அவசரம் நமக்கு வேண்டாம். இதய வால்வு பழுதுற்றவர்களைப் பொறுத்தமட்டில் ஐயத்திற்கு இடமில்லை. வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி அவ்வால்வில் தங்கி உயிருக்கே ஊறு செய்யலாம்.

இவ்வறிவு நம்மை ஓர் அறவினாவின் முன் நிறுத்துகிறது. பருத்த உடலும் சொத்தைப் பல்லும் உடையவர் மாரடைப்பில் விழுந்தால், 'அவரே தேடிக்கொண்டது' என்று சொல்வது எளிது. அது நியாயமா?

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் சமைத்து, பேருந்து பிடித்து, நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார். பசியை அடக்குவது சர்க்கரை மிகுந்த தேநீரும் வடையும். பல் மருத்துவரிடம் செல்ல விடுப்பெடுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இவர் தம் நோயைத் தாமே விரும்பித் தேடிக்கொண்டார் என்று எவ்வாறு கூறுவது?

பாலாற்றங்கரை நமக்கு ஒரு பாடம் கற்பித்துள்ளது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் நிலைநாட்டியது. கெட்ட நீரைக் குடித்தவர்மேல் அது பழி சுமத்தவில்லை.

ஆனால் உடல் ஆறு அன்று. நம் பல்லை நமக்காகப் பிறர் துலக்க இயலாது. எல்லாவற்றிற்கும் சமூகமே காரணம் என்போமாயின், மனிதரின் உரிமையோடு அவரது மாண்பையும் பறித்தவர்களாவோம். ஆகவே பழியையும் பொறுப்பையும் பிரித்தறிதல் நலம். பழி கடந்ததைப் பார்க்கிறது. ஒருவர் தலையில் அதனை ஏற்றிவிட்டால் மற்றவர் தப்பிக்கொள்ளலாம். பொறுப்போ வருவதைப் பார்க்கிறது. பலர் பகிர்ந்துகொண்டாலும் எவருக்கும் அது குறைவதில்லை. திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் அளவறிந்து உண்ணுமாறு நோயாளிக்கு அறிவுறுத்துகிறார். ஆயினும் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று கூறி அவ்வதிகாரத்தை நிறைவு செய்கிறார்.

அந்நால்வகைப் பொறுப்பு இன்று என்ன கேட்கிறது? நாள்தோறும் இருமுறை பல் துலக்குவதும், புகையிலையைக் கைவிடுவதும், ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்னும் இடுப்பளவைத் தாண்டாதிருக்க முயல்வதும் நம் பங்கு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம்களில் வாயையும் திறந்து பார்ப்பது மருத்துவரின் பங்கு. கூலி பிடிக்காமல் அரை நாள் விடுப்பளிப்பது முதலாளியின் பங்கு. நோயுற்றவரைக் காணச் செல்லும்போது அறிவுரைக்கு முன் ஆறுதல் சொல்வது அண்டை வீட்டாராகிய நம் பங்கு. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. பழி கூறும் பழக்கத்தை விடுவதொன்றே கடினம்.