அப்பத்தின் வீட்டில் பிறந்த பிள்ளை

அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள் உருக்கிய வெண்ணெயைப் பூச வேண்டும். அது உள்ளே இறங்கியதும் இன்னொரு முறை. மேலே சர்க்கரை தூவி, அதற்கும் மேல் பொடித்த சர்க்கரையைச் சலிக்க வேண்டும், ரொட்டியின் பழுப்பு நிறம் ஓரிடத்திலும் தெரியாத அளவுக்கு. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு ஷ்டொலன் சுடும் வீடுகளில் இந்தச் சலிக்கும் வேலைக்குப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். மூக்கிலும் சட்டையிலும் வெள்ளை அப்பியபடி அவர்கள் நிமிரும்போது, மேசையில் இருப்பது ரொட்டி போலவே தெரியாது. நீளவாக்கில் ஒரு சின்ன உடம்பு. நடுவே, துணியை மடித்துச் செருகிய இடம்போல ஒரு மேடு. துணியில் சுற்றிக் கிடத்திய கைக்குழந்தை. பெரியவர்கள் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தின்பண்டத்தை வைத்து விசுவாசத்தைக் கற்பிக்க முடியுமா? கிறிஸ்துமஸ் என்றாலே கேக் என்று ஆகிவிட்ட காலத்தில், அந்தக் கேக்கைக் கொண்டே கிறிஸ்துவைச் சொல்லித்தருவது ஆபத்து என்று கவலைப்படும் கிறிஸ்தவர்கள் உண்டு. நாக்கில் இனிப்பு நிற்கும், செய்தி கரைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த அர்த்தமெல்லாம் பண்டத்தில் முதலிலேயே இருந்ததா, பிற்பாடு யாரோ ஏற்றிவைத்ததா?

சாக்சனியின் டிரெஸ்டன் நகரில், புனித பர்த்தலமேயு பெயரிலான மருத்துவ விடுதியின் கணக்கில் ஷ்டொலன் 1474-இல் வருகிறது. அப்போது அது விருந்துப் பண்டமே அல்ல, நோன்பு ரொட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் அன்றைக்கு நோன்புக் காலம். வெண்ணெய்க்கும் பாலுக்கும் தடை. மாவு, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய் என்று வெறும் ரொட்டி. சாக்சனியின் ஆட்சியாளர்கள் ரோமுக்கு விண்ணப்பித்து, 1491-இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். 'வெண்ணெய்க் கடிதம்' என்றே அதற்குப் பெயர். வெண்ணெயே இல்லாத காலத்து ரொட்டிக்கு வெண்ணெய்ப் பூச்சும் சர்க்கரைப் போர்வையும் ஏது? குழந்தையின் வெள்ளைத் துணி பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் புட்டிங்கும் இப்படித்தான். திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று ஆங்கிலிக்கன் ஆலயங்களில் படிக்கும் ஜெபம், மக்களின் மனத்தைக் கிளறிவிடும்படி கடவுளைக் கேட்டுத் தொடங்கும். 1549-ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்திலேயே அது உண்டு. ஆலயத்தில் அதைக் கேட்டு வீடு திரும்பிய குடும்பம் உலர்பழக் கலவையைக் கிளறத் தொடங்கியது. வீட்டில் ஒவ்வொருவரும் ஒருமுறை கரண்டி பிடிக்க வேண்டும். குழந்தை இயேசுவைத் தேடி ஞானியர் வந்த வழியில், கிழக்கிலிருந்து மேற்காகக் கிளற வேண்டும். இயேசுவுக்கும் பன்னிரண்டு சீடர்களுக்குமாகப் பதின்மூன்று பொருள் சேர வேண்டும். ஜெபத்தை எழுதியவர்களுக்குப் புட்டிங் நினைவே இருந்திருக்காது.

அதனால் இந்த வழக்கங்கள் போலி ஆகிவிடுமா? ஆகாது. கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றில் புது அர்த்தம் காட்டுவது இயேசுவே கையாண்ட முறை. ஒரு பெண் மூன்று படி மாவில் புளித்த மாவைச் சேர்த்ததைக் காட்டி அவர் இறையரசைச் சொன்னார். புளித்த மாவு அதற்காக உண்டானதல்ல. இஸ்ரயேலர் எகிப்திலிருந்து விடுபட்டதை நினைவூட்டும் பாஸ்கா அப்பத்தை எடுத்து, அதைத் தம் உடல் என்றார். பெற்றோர் ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். "இதற்காகத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்" என்று சொல்லக்கூடாது. "நாம் இதில் இதைப் பார்க்கிறோம்" என்று சொல்ல வேண்டும். புட்டிங்கின் கதை புனைவு என்று பதினாறு வயதில் கண்டுகொள்ளும் பிள்ளைக்கு, கிறிஸ்துமஸ் கதையும் அதே ரகம்தான் என்று தோன்றிவிடக்கூடும்.

உவமையைவிட ஆழமாக இறங்குவது செய்முறை. ஷ்டொலனைச் சுட்ட அன்றே வெட்டமாட்டார்கள். பொதிந்து, குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில் வைத்துவிடுவார்கள். பழத்தின் ஈரமும் வெண்ணெயும் மசாலா வாசமும் ஒன்றில் ஒன்று ஊறினால்தான் ருசி. பிள்ளைக்கு வாசம் தெரியும், இருக்கும் இடம் தெரியும், தொட முடியாது. திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறும் பிரசங்கம் விளக்கப் பார்க்கும் காத்திருத்தல், அந்த அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு உடம்போடு விளங்குகிறது. மெசியாவுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள் என்ற கதையை அதன்பிறகு கேட்டால் அது வேறு கதை. நம்மூர் வீடுகளில் கேக்குக்காக உலர்திராட்சை ஊறும் கண்ணாடி ஜாடியைத் தினம் ஒருமுறை எடுத்துக் குலுக்கிவிட்டு, திறக்காமல் அலமாரியில் திரும்ப வைக்கும் பிள்ளையும் இதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த ஆண்டுகளில் அங்கே பாதாமும் திராட்சையும் அரிது. சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சைத் தோலுக்குப் பதிலாகப் பச்சைத் தக்காளியையும் கேரட்டையும் பாகில் ஊறவைத்துப் போட்டார்கள். மேற்கே இருந்த உறவினர்கள் பார்சலில் பாதாமும் திராட்சையும் அனுப்புவார்கள். கிழக்கிலிருந்து அதுவே ஷ்டொலனாகித் திரும்பிப் போகும். எல்லாரும் விசுவாசத்தோடு சுட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் முள்வேலியைத் தாண்டி வந்த திராட்சையை மாவில் போட்ட பிள்ளைக்கு, கொடையாக வந்தது கொடையாகவே திரும்பிப் போவதைக் கண்ணால் காண முடிந்தது. கடவுள் தம்மையே கொடுத்தார் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்?

இதெல்லாம் வலிந்து ஒட்டவைத்ததாகத் தோன்றாமல் பொருந்திப்போவதற்குக் காரணம் பிறப்பின் கதையிலேயே இருக்கிறது. எபிரேயத்தில் பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அந்த அப்பத்தின் வீட்டிலேயே பஞ்சம் வந்துதான் நகோமியின் குடும்பம் மோவாபுக்குப் பிழைக்கப் போனது. வாற்கோதுமை அறுப்பு தொடங்கும்போது நகோமி மருமகள் ரூத்தோடு திரும்பினாள். ரூத்தின் வழியில் தாவீது, தாவீதின் ஊரில் இயேசு. பிறந்த பிள்ளையைக் கிடத்தியது முன்னணையில். தமிழ்ப் பிள்ளைகள் இந்தச் சொல்லை ஆலயத்தில் மட்டுமே கேட்கிறார்கள். மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். திருத்தந்தை பெரிய கிரகோரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் தம் கிறிஸ்துமஸ் மறையுரையில் ஊரின் பெயரையும் தீனித் தொட்டியையும் சேர்த்தே பேசினார்: உணவாக வந்தவர், உணவு வைக்கும் இடத்தில் கிடந்தார். கடவுள் பசியெடுக்கும் உடம்போடு வந்தார் என்பதுதான் கிறிஸ்துமஸின் செய்தி. அதைக் கற்றுக்கொள்ள மாவு பிசையும் கை தகாத இடமல்ல.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓவன் இல்லாமலே இந்தக் கல்வி நடக்கிறது. வறுத்துப் பொடித்த பாசிப்பயறை வெல்லப்பாகில் சேர்த்து உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்கப் பிள்ளைகளையும் உட்காரவைப்பார்கள். பொரித்து முடிந்தால் தட்டுகள் அண்டை வீடுகளுக்குப் புறப்படும். தீபாவளிக்கு அதிரசம் தந்த வீட்டையும் பெருநாளுக்குப் பிரியாணி தந்த வீட்டையும் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மெக்சிகோவில் பாடம் இன்னும் கூர்மை. ஞானியர் திருநாளான ஜனவரி 6-இல் அங்கே ரோஸ்கா என்னும் வளைய ரொட்டியை வெட்டுவார்கள். அதற்குள் குழந்தை இயேசுவின் சின்னஞ்சிறு பொம்மை ஒளிந்திருக்கும். கொல்லத் தேடிய ஏரோது அரசனின் கண்ணில் படாமல் மறைத்துவைத்த பிள்ளை அது. ஒவ்வொருவராகக் கத்தியை வாங்கித் தங்கள் துண்டை வெட்ட, யாருடைய துண்டில் பொம்மை தட்டுப்படுகிறதோ அவர்தான் இனி அந்தப் பிள்ளைக்கு ஞானப் பெற்றோர். பிறந்து 40-ஆம் நாளில் மரியாளும் யோசேப்பும் பிள்ளையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோனதை நினைவுகூரும் பிப்ரவரி 2 அன்று, குடிலில் இருக்கும் குழந்தைச் சொரூபத்துக்குப் புதுத்துணி உடுத்தி ஆசீர் பெற எடுத்துப் போவார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் டமாலே போடுவது பொம்மை கிடைத்தவரின் கடமை. மக்காச்சோள மாவை மடலில் வைத்துப் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் பண்டம் அது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்திருந்தால் சமைப்பது அம்மாதான். ஊறிய மடலை ஒவ்வொன்றாக விரித்து நீட்டுவதும், வெந்த பின் தட்டை எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொருவர் முன்னும் வைப்பதும் அந்தப் பிள்ளை.